வாய் நனைக்காதவர்கள்

மாடி வீட்டு டீச்சர் கொடுத்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் காலண்டருக்குப் பக்கத்து ஆணி வெறுமையாக இருப்பதை அவள் கவனித்தாள். அதில் ஒரு சின்னச் சாவி தொங்கும். தலையில் சிவப்புப் பெயின்ட் அடித்த சாவி. பல வருஷமாக அங்கேயே தொங்கியதில் சுவரில் அதன் அளவுக்கு ஒரு தடம் விழுந்திருந்தது.

ஈரக் கையோடு அந்தத் தடத்தைத் தொட்டுப் பார்த்தாள். புருஷனே எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, நம்பவில்லை.

"நீ ஏன்மா இதைச் செய்யறே?" டீச்சர் பின்னாலிருந்து வந்து தட்டைப் பிடித்தாள். "போய் அவர் பக்கத்துல உட்காரு. வர்றவங்களுக்குத் தண்ணி நான் குடுக்கறேன்."

"இல்ல டீச்சர். நானே குடுக்கறேன்."

"பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"என்ன வேணா நினைக்கட்டும். பாப்பா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. மேல படம் வரைஞ்சிட்டிருக்கா. அப்பா எப்ப எழுந்திருப்பாருன்னு கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல?"

டீச்சர் நல்லவள். ஆனால் நல்லவர்களுக்கும் காது உண்டு. புருஷன் செத்த வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கல்யாண வீடு மாதிரித் தண்ணீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறாளே என்று கூடத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்திருக்கும். இவள் காதிலும் விழுந்தது. பேசிவிட்டுப் போகட்டும். அழுவதற்கு இன்னும் முழு ஆயுசும் கிடக்கிறது. தண்ணீர் கொடுக்க இந்த ஒரு பகல்தான் இருக்கிறது.

கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கழுத்துவரை மூடித்தான் கொடுத்தார்கள். துணியை விலக்க வேண்டாம் என்று அங்கிருந்த ஆள் சொன்னபோது, அவர் சொல்லாததும் அவளுக்குப் புரிந்தது. முகத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. நேற்றுக் காலையில் அவசரமாக ஷேவ் செய்து கிளம்பியபோது தாடைக்கடியில் விட்டுப்போன நாலு மயிர்கூட அப்படியே இருந்தது. "அந்தப் பக்கம் விட்டுட்டீங்க" என்று அவள் சொல்லியிருந்தாள். "சாயங்காலம் வந்து பாத்துக்கலாம்" என்றான் அவன்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். மேலே ஏறி இறங்குகிறவர்களுக்குத் தெரியாத ஒரு குழி லிஃப்டுக்கு அடியில் உண்டு. அதற்குள் இறங்கி வேலை பார்க்கும்போது மேலே மிஷின் ரூமில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, யாரும் மறுபடி போட்டுவிடாதபடி அதன் கைப்பிடியில் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் இறங்குவான். கம்பெனி கொடுத்த பூட்டைக்கூட அவன் நம்பியதில்லை. சொந்தக் காசில் வாங்கிய பூட்டு. ஒரு தடவை சாவி குழிக்குள் விழுந்துபோய், அவள் ஆட்டோ பிடித்து மாற்றுச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றிலிருந்து மாற்றுச் சாவி சமையலறை ஆணியில்தான்.

நேற்று அவன் குழிக்குள் இருந்தபோது மேலே யாரோ சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். லிஃப்ட் தன் வேலையைச் செய்தது. கீழே வந்தது.

"பூட்டு திறந்து தரையில கிடந்துச்சும்மா," என்று ஆஸ்பத்திரியில் கம்பெனி சூப்பர்வைசர் சொன்னார். "போட மறந்துட்டாரு போல. எவ்வளவு கெட்டிக்காரனும் ஒரு நாள் அசந்துடறான்."

"அவரு வீட்டுக் கதவைப் பூட்ட மறப்பாரு. என் பிறந்த நாளை மறப்பாரு. இதை மறக்க மாட்டாரு." அவ்வளவு பேர் நடுவில் அவள் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். இப்போதும் கூடத்து மூலையில் தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி மடமடவென்று குடித்தார். பாவம், அவருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவன் சட்டைப் பையிலிருந்த சாவியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஆஸ்பத்திரியில் அவளிடம் கொடுத்திருந்தார்கள். ஒரு சாவி அவன் பையில், ஒரு சாவி ஆணியில். இப்போது ஆணியில் இல்லை.

*

வெளியில் சொல்லிக்கொள்ள அவள் பிறந்த வீட்டுக்கு ஒரு லாரி ஷெட் இருந்தது. சொல்லிக்கொள்ளாத தொழில்தான் சோறு போட்டது. துறைமுகத்திலிருந்து வெளியே போகிற எதுவும் அவள் அப்பாவைக் கேட்காமல் போகாது. எல்லோரும் அவரை முதலாளி என்பார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் படகுக்காரர் குடும்பம். தண்ணீரில் வருவதெல்லாம் அவர்களுடையது, தரையில் போவதெல்லாம் இவர்களுடையது என்று ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. பிறகு பேச்சு போய், ஆள் போக ஆரம்பித்தது.

அப்பாவிடம் ஒரு சட்டம் இருந்தது. யாரை முடித்தாலும் அவன் சாவுக்குத் தவறாமல் போக வேண்டும். போகாவிட்டால் ஊர் பேசும். ஆனால் முடித்த வீட்டில் வாய் நனைக்கக் கூடாது. தண்ணீர், டீ, எதுவும் ஒரு மடக்குக்கூடக் கூடாது. அந்தத் தெரு முனை தாண்டும்வரை. அதை மீறிக் குடித்த ஒரு பங்காளிக்குத் தொண்டையில் கட்டி வந்து, கடைசியில் தண்ணீர் இறங்காமலே செத்தான் என்று அப்பா சொல்வார். செத்தவனுடைய தாகம் குடித்தவன் தொண்டையில் உட்கார்ந்துகொள்ளுமாம். போலீஸுக்குப் பயப்படாத மனுஷன், கோர்ட்டுக்குப் பயப்படாத மனுஷன், ஒரு டம்ளர் தண்ணீருக்குப் பயந்தார்.

சின்ன வயதில் அப்படி ஒரு சாவு வீட்டுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். செத்தவர் ஷெட்டில் லாரி ஓட்டியவர். அவளுக்கு மிட்டாய் எல்லாம் வாங்கித் தருவார். அவர் சம்சாரம் நீட்டிய டம்ளரை அப்பா கையால் தடுத்து, "இருக்கட்டும்மா" என்றார். தெரு முனை தாண்டியதும் காரை நிறுத்தச் சொல்லி சோடா வாங்கிக் குடித்தார். "அப்பாவுக்குத்தான் தாகமா இருந்துச்சே, ஏன் அங்க குடிக்கல?" என்று அவள் கேட்டாள். அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். அந்தக் கிள்ளலில் அவளுக்கு எல்லாம் தெரிந்துபோனது.

ஊருக்கும் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்கும் தெரியும். அதனால்தான் இன்று விடிந்ததும், உடலைக் கொண்டுவந்த வண்டிக்குப் பின்னாலேயே வந்து கேட்டுக்கு வெளியே நின்ற கணவனின் அண்ணன் அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார். ஊரில் அவரைப் படகுக்காரர் என்பார்கள். ஊருக்கே பயம் காட்டுகிற மனுஷன், தம்பி முகத்தைப் பார்த்துவிட்டு வந்து சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"உங்க வீட்டாளுங்க வருவாங்க," என்றார். "அவங்க வந்தா நான் உள்ள நிக்க மாட்டேன். நீயே உன் கையால தண்ணி குடு. யாரு குடிக்கலன்னு எனக்குச் சொல்லு. அது போதும்."

"சொன்னா என்ன பண்ணுவீங்க, அத்தான்?"

"அதைக் கேக்காத. உன் அண்ணனா இருந்தாலும் சரி, எவனா இருந்தாலும் சரி. நீ சொல்ற ஆளோட நிறுத்திக்கறேன். வேற யாரையும் தொட மாட்டேன். நீ சொல்லலன்னா நானா முடிவு பண்ணிக்குவேன். அப்ப உங்கண்ணன்தான்."

அவள் தலையாட்டினாள். அப்போது அவளுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. அவளும் அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு வீட்டு நியாயத்திலும் முதல் தடவையாக ஒரு நியாயம் தனக்குச் சாதகமாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தாள்.

*

அவர்கள் காதல் ஆரம்பித்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில்தான்.

இரண்டு வீடும் சமாதானம் பேச உட்கார்ந்தால், பேச்சு முடியும்வரை இந்த வீட்டுப் பிள்ளை ஒன்று அந்த வீட்டிலும், அந்த வீட்டுப் பிள்ளை ஒன்று இந்த வீட்டிலும் இருக்கும். அடமானம் என்பார்கள். அவள் தம்பியை அங்கே அனுப்பினார்கள். அங்கிருந்து வந்தவன் இவன். ஷெட் மாடியில் டயர்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கழன்று தொங்கிய மின்விசிறியின் திருகை எட்டணா நாணயத்தால் முடுக்கிக்கொண்டிருந்தான். கைதி என்று பார்க்கப் போனவளுக்குச் சிரிப்பு வந்தது.

நீட்டிய டம்ளரைப் பார்த்து அவன், "இது குடிக்கலாமா?" என்று கேட்டான்.

"பயமா இருக்கா?"

"தாகமா இருக்கு. பயம் அப்புறம்தான்."

அவள் தானே ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கொடுத்தாள். எச்சில் டம்ளர் என்றும் பார்க்காமல் அவன் மிச்சத்தைக் குடித்தான். அன்றைக்குச் சமாதானப் பேச்சு முறிந்தது. இவர்கள் பேச்சு மட்டும் முறியவில்லை.

ஓடிப்போனபோது இரண்டு வீடும் தலைமுழுகின. அந்த இரண்டு குடும்பமும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான். ரெண்டு பேரும் செத்தவர்கள், செத்தவர்களை யாரும் தொட வேண்டாம் என்று முடிவானது. அவன் படகையும் துப்பாக்கியையும் விட்டுவிட்டு லிஃப்ட் வேலை கற்றுக்கொண்டான். கையில் கிரீஸ் நாற்றத்தோடு வந்து, "இது கழுவினா போயிடும்" என்பான். இரண்டு பேருக்கும் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியும்.

அம்மா மட்டும் யாருக்கும் தெரியாமல் வந்துகொண்டிருந்தாள். வீட்டில் வரிசையாகக் கார் நிற்க, முக்காடு போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருவாள். பேத்திக்குக் கவுன் கொண்டுவருவாள், எப்போதும் ஒரு அளவு பெரியதாக. "டீ கொஞ்சம் கெட்டியா போடு. அந்த வீட்டு டீ வாயில வைக்க முடியல" என்று சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு இரண்டு டம்ளர் குடிப்பாள். மருமகன் இருந்தால் அவனிடம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவாள். அவன் ஒரு நாள் அவள் செருப்புக்கு அடியில் ரப்பர் வெட்டி ஒட்டிக் கொடுத்தான்.

மழைக்கு முன்னால் தம்பி செத்தான். பெட்ரோல் பங்கில் வண்டியில் உட்கார்ந்திருந்தவனைச் சுட்டுவிட்டுப் போனார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். தம்பி அம்மாவின் செல்லம். மீசை வந்த பிறகும் அம்மா தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறவன். அன்று முழுக்க இவள் கணவன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். "நான் போய் உங்கம்மா கால்ல விழட்டுமா?" என்று கேட்டான். போனால் திரும்ப மாட்டான் என்று அவள்தான் தடுத்தாள்.

*

வெயில் ஏறியபோது கார் வந்தது. முதலில் அண்ணன் இறங்கினான். பிறகு அம்மா, கதவைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. அப்பா வரவில்லை. பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து அவர் எங்கும் வருவதில்லை. தெருவில் கேட்டுக்கு எதிரே, மூடியிருந்த கடையின் நிழலில் நின்ற படகுக்காரர் அசையவில்லை. அண்ணனும் அவரைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணன் உள்ளே வந்து, கிடத்தியிருந்த முகத்தைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். இவள் வீட்டைவிட்டுப் போன பிறகு அவன் இவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவன் தலை நரைத்திருந்தது. அவள் தட்டோடு நிற்பது ஏன் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே வீட்டில்தானே வளர்ந்தான்.

"தண்ணி குடு," என்றான்.

எடுத்துக் கொடுத்தாள். அண்ணாந்து குடித்தான். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "இன்னொண்ணு குடு" என்று வாங்கி அதையும் குடித்தான். கழுத்து வழியே வழிந்து சட்டை நனைந்தது. வெளியே நிற்பவருக்கும் தெரியட்டும் என்று வாசல் பக்கம் திரும்பி நின்றே குடித்தான்.

"நான் இல்ல," என்றான் மெல்ல. "சத்தியமா நான் இல்ல. எனக்கு ஆத்திரம் இருந்துச்சு. இவன்மேல இல்ல. இவனைத் தொடறதுன்னா தம்பி போன அன்னிக்கே தொட்டிருப்பேன்."

அவள் காலி டம்ளரைத் தட்டில் வைத்தாள். இத்தனை வருஷம் அவனை வெறுத்த வெறுப்பெல்லாம் இறக்கி வைக்க இடமில்லாமல் கையிலேயே நின்றது. அண்ணன் இல்லையென்றால் ஒருவேளை சூப்பர்வைசர் சொல்வதுதான் நிஜமோ, ஒரு நாள் அவரும் அசந்துதான் போனாரோ என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியோடுதான் தட்டை அம்மாவிடம் கொண்டுபோனாள்.

அம்மா ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"அம்மா, தண்ணி."

"அப்படி வை."

ஜன்னல் கட்டையில் வைத்தாள். வேறு யாருக்கோ கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். டம்ளர் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

"குடிங்கம்மா. வெயில்ல வந்திருக்கீங்க."

"அப்புறம்."

"டீ போடட்டுமா? கெட்டியா?"

"வேண்டாம்டி. வயிறு சரியில்ல."

அம்மா அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. டம்ளரையும் பார்க்கவில்லை. வெளியே எங்கேயோ பார்த்துச் சொன்னாள். உதடு வெடித்து, ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. பேசும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது.

ஒரு மடக்கு. ஒரே ஒரு மடக்கு குடித்திருந்தால் உலகமே நம்பியிருக்கும். இவளும் நம்பியிருப்பாள். சாகும்வரை அம்மா வரும்போதெல்லாம் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அவ்வளவு கெட்டிக்காரி, படுத்துக் கிடக்கும் புருஷன் பெயரில் இத்தனை நாளாக அந்த ராஜ்ஜியத்தையே நடத்துகிறவள், ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் சமையலறைக்குப் போனாள். ஆணியின் கீழே நின்றாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றியிருக்கவில்லை. அடியில் ஒட்டிய ரப்பர் தரையில் சத்தமே போடவில்லை.

போன வாரம் அம்மா வந்தபோது தூறல் போட்டது. "மாடியில துணி நனையுது பாரு" என்று அவள்தான் ஞாபகப்படுத்தினாள். அம்மாவைச் சமையலறையில் தனியாக விட்டுவிட்டு இவள் ஓடிப்போய்த் துணி எடுத்து வந்தாள். அதற்கு முந்தின தடவை, தம்பி போன துக்கத்தில், "இந்த லிஃப்ட் வேலை ஆபத்தில்லையா? இன்னொரு சாவை என்னால தாங்க முடியாது" என்று அம்மா கேட்டாள். அம்மாவுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து இவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். பூட்டுப் போடாமல் இறங்கவே மாட்டாரும்மா. பூட்டுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு அவர் பையில இருக்கும், ஒண்ணு இதோ இங்க. யாரும் சுவிட்சைத் தொடவே முடியாது. புருஷன் எவ்வளவு ஜாக்கிரதையானவன் என்ற பெருமை வேறு. அந்த வீட்டில் பிறந்தவள், வாயை எங்கே திறக்கக் கூடாது என்று தொடையில் கிள்ளு வாங்கி வளர்ந்தவள், அம்மா என்றதும் எல்லாவற்றையும் மறந்தாள். போன வாரம் வந்தபோது, அடுத்து எந்தக் கட்டடத்தில் வேலை என்றும் சொன்னாள். கேட்காமலே சொன்னாளா, கேட்டுச் சொன்னாளா என்று இப்போது யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

"உங்க செருப்புக்கு அவர்தான் ரப்பர் ஒட்டிக் குடுத்தாரு," என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அம்மா குனிந்து செருப்பைப் பார்த்தாள். பிறகு, தினமும் சொல்லிப் பழகிய ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னாள். "உன் அண்ணன் ஆள் திரட்டிட்டிருந்தான். தம்பிக்காக. கிளம்பியிருந்தா அவனும் திரும்பியிருக்க மாட்டான். அந்தப் பக்கம் ஒண்ணு விழுந்தாத்தான் இவன் அடங்குவான். விழறது யாருன்னு யோசிச்சேன். காவல் இல்லாம, கையில ஒண்ணும் இல்லாம, தனியா வேலைக்குப் போறது அந்த வீட்டுல ஒரே ஒருத்தன்தான்."

"அவரு அந்த வீடு இல்லம்மா. அவரு இந்த வீடு."

"நான் பெத்ததுல ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணாவது மிஞ்சணும்ல."

"நானும் நீங்க பெத்ததுதான்."

அம்மாவின் கை தானாக எழுந்து மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட வந்தது. அவள் பின்னால் நகர்ந்தாள். நகர இடமில்லாமல் முதுகு சுவரில் இடித்தது.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. விபத்துன்னு நினைச்சுக்கட்டும், கடவுளே கணக்கைத் தீர்த்துட்டாருன்னு அடங்கட்டும்னு விட்டுட்டேன்." அம்மா வாசல் பக்கம் கண்ணைக் காட்டினாள். "வெளிய நிக்கிறவன் உன்னைக் கேப்பான்."

"ஆமா. கேப்பாரு."

"பொம்பளைன்னு பாக்க மாட்டான்."

"மாட்டாரு."

"உன் இஷ்டம்டி," என்றாள் அம்மா. கெஞ்சவில்லை. மிரட்டவும் இல்லை. "வண்டியில இடம் இருக்கு. பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடு. அங்க உனக்கு ஒரு குறையும் வராது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தவர்கள், கடைசியில் அழுதுவிட்டாள் என்று நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள்.

"நான் வரல," என்றாள். "இனிமே நீங்களும் வராதீங்க. ரெண்டு பஸ் மாறி வர்றது முழங்காலுக்கு ஆகாது."

*

தூக்கும் நேரம் வந்தது. அண்ணன் தோள் கொடுத்தான். வெளியே வந்ததும் படகுக்காரர் தன் ஆட்களோடு முன்னால் வந்தார். இரண்டு வீட்டு ஆட்களும் தோள் மாற்றி, அவனை வண்டியில் ஏற்றினார்கள். உயிரோடு இருந்தபோது நடக்காத சமாதானம், வாசலிலிருந்து வண்டிவரைக்கும் நடந்தது.

அம்மா காரில் ஏறி உட்கார்ந்தாள். கார் நகர்ந்து தெரு முனைவரை போய் நின்றது. அங்கே ஒரு பெட்டிக்கடை. அண்ணன் இறங்கி ஒரு பாட்டில் வாங்கி ஜன்னல் வழியே நீட்டினான். படகுக்காரர் அப்போது வண்டிக்குள் குனிந்து தம்பியின் காலை நேராக்கிக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்.

டீச்சர் பாப்பாவைக் கீழே கூட்டிவந்து அவள் கையில் பிடித்துக் கொடுத்தாள். குழந்தையின் விரலெல்லாம் கலர். படகுக்காரர் கேட்டருகே வந்தார். உள்ளே அவள் நின்றாள், வெளியே அவர்.

"சொல்லு," என்றார்.

"எல்லாரும் குடிச்சாங்க, அத்தான்."

"உங்கண்ணன் குடிச்சதை நானும் பார்த்தேன். உங்கம்மா?"

"ரெண்டு டம்ளர்."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். மனுஷர்கள் பொய் சொல்லும்போது எங்கே பார்ப்பார்கள் என்று தெரிந்து பிழைத்தவர். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவளும் அப்படிப்பட்ட வீட்டில்தான் வளர்ந்தாள்.

"அப்ப பூட்டு? என் தம்பி பூட்டுப் போடாம இறங்கமாட்டான்னு நீதான ஆஸ்பத்திரில கத்தினே?"

கேட்டின் கம்பியில் பெயின்ட் உரிந்திருந்தது. போன மாதம்தான், இந்த ஞாயிற்றுக்கிழமை அடித்துவிடலாம் என்று அவன் சொல்லியிருந்தான்.

"மறந்துட்டாரு," என்றாள். "நேத்துக் காலையில அவசரமா கிளம்பினாரு. மறந்துட்டாரு அத்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் வண்டியின் கதவு இன்னும் சாத்தவில்லை என்பதைக் கவனித்தாள். உள்ளே வெள்ளைத் துணியின் ஓரம் தெரிந்தது. இந்த ஒரு விஷயத்தில் அவன் அவ்வளவு பெருமைப்படுவான்.

படகுக்காரர் நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை. தன் ஆளிடமிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை வாங்கிக் கம்பிகளுக்கு நடுவே நீட்டினார்.

"காலையிலேர்ந்து எல்லாருக்கும் குடுத்தே. நீ குடிச்ச மாதிரி தெரியல. உதடெல்லாம் காஞ்சிருக்கு. குடி."

அவள் வாங்கினாள். மூடியைத் திருகித் திறந்தாள். வெளியே கொதிக்கிற வெயில். பாட்டில் குளிர்ந்திருந்தது, கைக்கு இதமாக இருந்தது. கையைக் கொஞ்சம் உயர்த்தினாள். வாய்வரை போனது. சாவி ரெண்டே ரெண்டும்மா, ஒண்ணு இதோ இங்க என்று தான் அம்மாவிடம் சொன்னது காதில் கேட்டது.

"எனக்கும்மா," என்றது குழந்தை.

குனிந்து அதன் வாயில் வைத்தாள். இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, கவுனெல்லாம் நனைத்துக்கொண்டு குடித்தது. ஒரு அளவு பெரிய கவுன். பிறகு போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. அவள் மூடியை இறுக்கித் திருகி, கம்பிகளுக்கு நடுவே அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.